நினைவகம் சிறிது, கோப்பு பெரிது

அன்புள்ள ஆசிரியருக்கு,

512 எம்பி நினைவகம் உள்ள பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி, வலைச் சேவையகமாக ஓட்டுகிறேன். வருகைகளைச் சேவையகம் குறித்துவைக்கும் 3 ஜிபி பதிவுக் கோப்பில் எந்த முகவரி எத்தனை முறை வந்தது என்று எண்ண ஒரு நிரல் எழுதினேன். முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றப் பார்த்துக் கணினி உறைந்துவிட்டது. நண்பர் சொன்னபடி, வரிகளை வரிசைப்படுத்தும் ஸார்ட், அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ணும் யூனிக் என்ற இரண்டு கட்டளைகளையும் குழாயால் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக அனுப்பும் வசதி) இணைத்தபோது வேலை முடிந்தது. பிறகு அந்தப் பதிவுக் கோப்பை அழித்தேன்; வட்டில் இடம் திரும்பவில்லை. இந்தப் பழைய உத்திகளை இன்று கற்பதில் பயன் உண்டா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒற்றை வரிக் கட்டளைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். அந்த வரிக்குள் எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று புரிந்துவிட்டால் மற்றதை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

லினக்ஸின் முன்னோடி இயங்குதளமான யூனிக்ஸில் குழாய் வந்தது 1973இல். அன்று அது ஓடிய பிடிபி-11 கணினியின் நினைவக முகவரி 16 பிட். ஒரு நிரல் தன் தரவுக்கு 64 கேபிக்கு மேல் எட்ட முடியாது. அந்த நெருக்கடியின் தடம் இந்தக் கருவிகளில் இன்றும் இருக்கிறது. யூனிக் ஒரு வரியை அதற்கு முந்தைய வரியோடு மட்டுமே ஒப்பிடுகிறது. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதற்கு நினைவிருக்க வேண்டியது ஒரே வரி. அதனால்தான் முன்னால் ஸார்ட் தேவைப்படுகிறது. ஸார்ட்டோ கோப்பைத் துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, தற்காலிகக் கோப்புகளில் எழுதி, கடைசியில் ஒன்றிணைக்கிறது. உங்கள் 512 எம்பி தாக்குப்பிடித்தது இதனால்தான்.

இதில் ஒரு பொறி உண்டு. தற்காலிகக் கோப்புகள் போகும் டெம்ப் அடைவைச் சில லினக்ஸ் வகைகள் நினைவகத்திலேயே வைக்கின்றன. அப்படியானால் மிச்சப்படுத்திய நினைவகம் அங்கே கரைந்துவிடும். ஸார்ட்டுக்குப் பெரிய எழுத்து 'டி' விருப்பத்தைக் கொடுத்து, வட்டில் உள்ள அடைவு ஒன்றைக் காட்டுங்கள். முகவரி நெடுவரிசையை முதலிலேயே வெட்டியெடுத்து அதை மட்டும் ஸார்ட்டுக்கு அனுப்பினால் சுமை இன்னும் குறையும். வெட்டுவதற்கு, வரிகளைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஆக் கட்டளை ஒரே ஒருமுறை ஓடினால் போதும். வரிக்கு ஒருமுறை செட் என்ற உரைத் திருத்தக் கட்டளையை அழைக்கும் வளையத்தை எழுதவே எழுதாதீர்கள். பழைய கணினியின் நேரமெல்லாம் புதிய செயல்முறைகளைத் தொடங்குவதிலேயே போய்விடும்.

வட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆர்எம் என்ற அழிப்புக் கட்டளை நீக்குவது கோப்பின் பெயரை. சேவையகம் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அது மூடும்வரை இடம் விடுபடாது. அடைவில் உள்ள கோப்புகளின் இடத்தைக் கூட்டும் டியூ கட்டளையின் கணக்கில் கோப்பு இருக்காது, வட்டில் மொத்தம் எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் டிஎஃப் கணக்கில் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

அடுத்த முறை அழிக்க வேண்டாம். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் ஒரு முக்காற்புள்ளி, ஒரு 'விடப் பெரிது' குறி, கோப்பின் பெயர்: இவ்வளவுதான். முக்காற்புள்ளி எதுவும் செய்யாத கட்டளை. கோப்பை வெறுமையாக்குவது ஷெல்லே. பெயரும் தங்கும், இடமும் கிடைக்கும். ஆனால் சேவையகம் 'கடைசியில் சேர்' முறையில் கோப்பைத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் விட்ட இடத்திலிருந்தே எழுதும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் மறுபடி 3 ஜிபி என்று காட்டும். பயப்படாதீர்கள், தொடக்கத்தில் இருப்பது வட்டில் இடம் பிடிக்காத ஓட்டை.

இப்போதைக்குச் சேவையகத்தை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள், 3 ஜிபியும் திரும்பிவிடும்.