தேவிகுளத்துத் தமிழர் எந்த ஊர்க்காரர்? – கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: மூணாற்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர்)

கல்லூரி மாணவி: ஐயா, 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நம் தேவிகுளம் தாலுகா ஏன் கேரளத்திலேயே நின்றது?

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது ஒன்பது தாலுகா. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் பரிந்துரைத்தது ஐந்து: தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழர் தொகை பெரிது என்பதை ஆணையம் மறுக்கவில்லை; தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்று தள்ளிவிட்டது. பூஞ்ஞாறு அரண்மனை மூணாற்றைச் சுற்றிய கண்ணன் தேவன் மலையை மன்றோ என்ற வெள்ளைக்காரத் துரைக்கு எழுதிக் கொடுத்தது 1877இல். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் பின்னால் மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தார்கள். அவர்களும் வந்தவர்கள்தானாம்! மக்கள் நெருக்கம் மிகுந்த கேரளத்துக்கு நிலமும் தண்ணீரும் வேண்டியிருந்தன. மொழிக் கணக்கைவிட அதுவே எடை கூடியது என்பது என் கருத்து.

எஸ்டேட் தொழிலாளி: மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டால் 1950க்கு முந்தைய ஆதாரம் கேட்கிறார்களே, சார்?

பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10இல் வந்தது. பட்டியல் மாநிலவாரியானது. அந்தத் தேதியில் குடும்பம் எங்கே நிலையாக இருந்ததோ, சலுகை அங்கேதான். லயம் கம்பெனியுடையது; தாத்தா பெயரில் பட்டா ஏது? பழைய சம்பளப் பதிவேட்டையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் தேடிப் பாருங்கள். சில வீடுகளில் ஆகப் பழைய காகிதம் ஞானஸ்நானச் சான்றாக இருக்கும். குடியிருப்பை நிரூபிக்கும் அதே காகிதம், கிறிஸ்தவர் என்று காட்டிப் பட்டியலுக்கு வெளியே தள்ளியும் விடும். பிறந்த மண்ணில் ஊர்க்காரன் என்று நிரூபிக்க இத்தனை பாடு.

அதே தொழிலாளி: தமிழில் மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது.

இளைஞர்: குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தில் சாதி மறைந்து இன உணர்வு வந்ததா, ஐயா?

சாதி எங்கே மறைந்தது? திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் நேசமணி முன்னின்ற இயக்கத்துக்கு 1954 ஆகஸ்ட் 11 புதிய வேகம் கொடுத்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதல்வராக இருந்தவர் பட்டம் தாணுப்பிள்ளை. அவரைப் பதவி விலகச் சொன்னவர் அவருடைய பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவே. சாதி இருந்தபடியே, குண்டு பாய்ந்த பிறகு ஒதுங்கி நின்றவனும் தன்னைத் தமிழன் என்று சொல்லத் தொடங்கினான்.

ஓர் அக்கா: 2015இல் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்களின் பெண்பிளை ஒருமை நடத்தியது தமிழர் போராட்டமா?

கொழுந்து பறித்த பெண்களில் பெரும்பாலோர் தமிழ்த் தலித்துகள். கேட்டதோ 20 சதவீத போனஸும் கூலி உயர்வும்; அன்று நாள்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. அவர்களிலும் தமிழர் இருந்தார்கள். அதற்காக அந்தப் பெண்கள் யாரையும் விட்டுவைக்கவில்லை.