கிளவுட் சர்வர்களைத் தானியங்கியாக நிர்வகிக்க டெர்ராஃபார்ம், அன்சிபிள் இரண்டும் வேண்டுமா?
பெரும்பாலும் வேண்டும். 2014இல் வந்த டெர்ராஃபார்ம் சர்வர், நெட்வொர்க், ஃபயர்வால் போன்றவற்றை உருவாக்கும். அன்சிபிள் அந்த சர்வருக்குள் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழைந்து மென்பொருளை நிறுவும். இதற்காக சர்வரில் ஏஜென்ட் என்ற தனி உதவி மென்பொருள் தேவையில்லை.

டெர்ராஃபார்மில் கட்டளைகளை வரிசையாக அடுக்குவதில்லை, கடைசியில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறோம். மூன்று சர்வர் என்று எழுதி, ஸ்டேட் கோப்பில் (டெர்ராஃபார்ம் தான் உருவாக்கியவற்றைக் குறித்து வைக்கும் கோப்பு) ஏற்கெனவே இரண்டு இருந்தால் ஒன்றுதான் புதிதாக வரும். மறுபடி ஓட்டினால் எதுவும் மாறாது. இந்தக் குணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஸ்டேட் கோப்பில் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமலே இருக்கக்கூடும். அதை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்டில் (Git) போடவே போடாதீர்கள். ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு வசதியுள்ள ரிமோட் சேமிப்பகத்தில் வையுங்கள். யாராவது கிளவுட் நிறுவனத்தின் கன்சோலில் (நிர்வாகப் பக்கம்) கையால் மாற்றியதை அடுத்த அப்ளை (மாற்றங்களைச் செயல்படுத்தும் கட்டளை) அழித்துவிடலாம். அதனால் என்னென்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும் பிளானை முழுதாகப் படித்த பிறகே அப்ளை கொடுங்கள்.