குழுவில் 900 பேர், முகாமில் 11 பேர்: ரத்ததானக் குழு நடத்துவோர் கேள்வி பதில்

எங்கள் ஊரில் 17 வருடமாக ரத்ததானக் குழு நடத்துகிறேன். வாட்ஸ்அப்பையும் ஃபேஸ்புக்கையும் வைத்துக்கொண்டு ஆள் சேர்ப்பது பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். உடம்பு சம்பந்தமான கேள்விகளை ரத்த வங்கி மருத்துவரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 900 பேர். போன ஞாயிறு முகாமுக்கு வந்தது 11 பேர். எங்கே தப்பு?

900 பேருக்கும் ஒரே செய்தி போனால், ‘நான் போகாவிட்டால் என்ன, வேறு யாராவது போவார்கள்’ என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். கட்டைவிரல் படம் 200 வந்திருக்குமே? எங்களுக்கும் வரும்.

நாங்கள் செய்தி போட்ட மறுநாள் சாயங்காலம் ஆறு பேர் உட்கார்ந்து, ஆளுக்கு 15 பேரைப் போனில் கூப்பிடுவோம். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ‘வருவீர்களா’ என்று கேட்கவே மாட்டோம். ‘9 மணிக்கா, 11 மணிக்கா’ என்றுதான் கேட்போம். கடைசியாக எப்போது கொடுத்தார் என்பது நோட்டில் இருக்கும். ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். அது முடியாதவரைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முகாம் முடிந்ததும் எல்லோரும் டீக்கடைக்குப் போவோம். எங்கள் குழுவில் நிலைத்தவர்களில் பாதிப் பேர், சும்மா நண்பனுக்குத் துணையாக வந்து, அந்த டீக்கடையில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

கேள்வி: ‘ஓ நெகட்டிவ் அவசரம்’ என்று வந்தால் உடனே பகிரலாமா?

தேதி, நேரம், மருத்துவமனை, எத்தனை யூனிட். நாலும் இருந்து, அந்த எண்ணுக்கு நீங்களே பேசிய பிறகு பகிருங்கள். இப்படி வந்த ஒரு செய்தியில் இருந்த எண்ணுக்கு ஒருமுறை பேசினேன். ‘அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க, இன்னும் போன் வருது’ என்றார் எடுத்தவர். 2018-லேயே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. ஐந்தைந்தாக அனுப்ப நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆள் கிடைத்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்றும் போடுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், கொடுக்கலாமா?

மருத்துவர்.

கேள்வி: கொடுப்பவர் படத்தை ஃபேஸ்புக்கில் போடலாமா?

கேட்காமல் போடாதீர்கள். வீட்டுக்குச் சொல்லாமல் வந்த கல்லூரிப் பையன் ஒருவனின் படத்தைப் போட்டு, அவன் அம்மாவிடம் நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அந்த அம்மா அவனை முகாமுக்கு விடவே இல்லை.

கேள்வி: அண்ணா, படம் பார்த்துத்தான் நான் முதன்முதலில் வந்தேன். படமே வேண்டாம் என்றால் எப்படி?

வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி, கேளுங்கள் என்றேன்.

கேள்வி: படுக்கையில் கை நீட்டிக்கொண்டிருப்பவரிடம் ‘போடலாமா’ என்றால், முடியாது என்று யார் சொல்வார்கள்? அது அனுமதியா?

இது எனக்குத் தோன்றவில்லை. சரி, பதிவுப் படிவத்திலேயே ஒரு கட்டம் வைத்துவிடலாம்.

கேள்வி: கட்டமெல்லாம் எதற்கு? படம் போடும் ஆசையில்தான் பாதிப் பேர் வருகிறார்கள். ஹெல்மெட் கொடுத்தோம், கூட்டம் இரட்டிப்பானது.

படத்தில் விட்டுக்கொடுக்கிறேன், ஹெல்மெட்டில் மாட்டேன். உச்ச நீதிமன்ற உத்தரவால் காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் நின்றது. பரிசு பெரிதாகப் பெரிதாக, மஞ்சள் காமாலை வந்ததை மறைத்துப் படிவம் நிரப்பவும் ஆள் வரும். சான்றிதழ், டீ, பிஸ்கட் போதும்.

கேள்வி: ஹெல்மெட்டும் உயிர் காக்கிறதே?

தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: அவசரச் செய்தி வந்தால் எல்லாக் குழுவுக்கும் அனுப்பலாமா?

மேலே பாருங்கள். தேதி.

கேள்வி: ரத்தம் கொடுப்பவர்களைத் தேட இலவசமாகச் செயலி செய்து தரட்டுமா?

அன்புக்கு நன்றி. ஃபேஸ்புக்கே 2017-ல் இந்தியாவில் இதற்கு ஒரு வசதி கொண்டுவந்தது. ரத்த வங்கிகளின் இருப்பைப் பார்க்க அரசின் இ-ரக்த்கோஷ் இணையதளம் இருக்கிறது. எண் மாறியவரையும் ஊர் மாறியவரையும் மாதாமாதம் விசாரித்துத் திருத்த ஒரு ஆள் கிடைத்தால், எனக்கு நோட்டே போதும். அந்த ஆளாக வருகிறீர்களா?

கேள்வி: அப்படியானால் வாட்ஸ்அப் குழுவை மூடிவிடலாமா?

ஐயோ, வேண்டாம். ரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுவை (பிளேட்லெட்) 5 நாளுக்கு மேல் வைக்க முடியாது. ராத்திரி 11 மணிக்குத் திடீரென்று கேட்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்து ஊரில் யார் விழித்திருக்கிறார் என்று நோட்டு சொல்லாது.

கேள்வி: ‘ஏ நெகட்டிவ் அவசரம், அனைவருக்கும் பகிரவும்.’ சார், இதை இங்கே போடலாமா?

எந்த மருத்துவமனை? என்றைக்கு?