என்ஜின் போன ஸ்போர்ட்ஸ் கார்: பிரிப்பதற்கு முன் நோட்டீஸ்

கேள்வி: ஐயா, நான் கோவையில் சிறிய ஃபவுண்டரி நடத்துகிறேன். ஐந்து மாதத்துக்கு முன் பெங்களூரில், பழைய சொகுசு கார்கள் விற்கும் ஒரு டீலரிடம் 2009 மாடல் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். விலை 31 லட்சம். 22 லட்சம் வங்கி மூலம், 9 லட்சம் ரொக்கம். பில் 22 லட்சத்துக்குத்தான். நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. போன மாதம் அவினாசி சாலையில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டு, வண்டி நின்றுவிட்டது. கேமரா விட்டுப் பார்த்த ஒர்க்‌ஷாப்காரர் இரண்டு சிலிண்டரில் கோடு விழுந்திருக்கிறது, ஆயில் ஃபில்டரில் உலோகத் துகள் இருக்கிறது என்கிறார். சிலிண்டருக்குள் லைனர் என்னும் புது உறை போட்டு, பிஸ்டன் மாற்றிச் சரிசெய்ய 13 லட்சம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது என்ஜினுக்கு 27 லட்சம். டெல்லியில் ஒருவர் 9 லட்சத்துக்குப் பழைய என்ஜின் தருகிறாராம். டீலரோ "உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீர்கள்" என்கிறார். ஒன்றரை லட்சம் தருகிறேன், கணக்கு முடிந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். இன்சூரன்சும் கைவிரித்துவிட்டது. ரிப்பேர் செய்வதா, என்ஜினை மாற்றுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் அந்த என்ஜின்தான் உங்கள் ஒரே சாட்சி. மெக்கானிக் அதைப் பிரித்துப் போட்டுவிட்டால், பழுது வாங்கும்போதே இருந்ததா, நீங்கள் ஓட்டியதால் வந்ததா என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. "பிரிக்க வேண்டாம்" என்று ஒர்க்‌ஷாப்புக்கு இன்றே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

அடுத்து டீலருக்குப் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ். வண்டி எங்கே நிற்கிறது, என்ன கோளாறு, எந்தத் தேதியில் சுயேச்சையான நிபுணர் முன்னிலையில் என்ஜின் திறக்கப்படும் என்பதைச் சொல்லி, நீங்களோ உங்கள் ஆளோ வந்து பாருங்கள் என்று 15 நாள் அவகாசம் கொடுங்கள். வராவிட்டால் அதுவும் உங்களுக்கு நல்லதுதான். 'எனக்குத் தெரியாமல் பிரித்துவிட்டார்கள்' என்ற பேச்சுக்கு அப்புறம் இடமில்லை. நிபுணர் என்றால் ரிப்பேர் செய்யப்போகும் ஒர்க்‌ஷாப்காரர் இல்லை. அவருக்கு இதில் 13 லட்சம் வருமானம் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார். பொறியியல் கல்லூரி ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் அல்லது உரிமம் பெற்ற வாகன சர்வேயர் ஒருவரைப் பிடியுங்கள். ஆயில் சாம்பிள், ஃபில்டர், துகள்கள் எல்லாவற்றையும் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அதோடு காரின் கம்ப்யூட்டரில் உள்ள பதிவையும் எடுக்கச் சொல்லுங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில், என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, வரம்பு மீறிய சுழற்சிக்கு எத்தனை தடவை போனது என்பதெல்லாம் அதில் சேமிப்பாகும். "நீங்கள்தான் கண்டபடி விரட்டினீர்கள்" என்பதுதான் டீலரின் வாதமாக இருக்கப்போகிறது. அந்தப் பதிவு உங்கள் பக்கம் பேசலாம், எதிராகவும் பேசலாம். எதுவானாலும் வழக்குக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஓடிய மணியையும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் ஒப்பிட்டால், மீட்டரைத் திருப்பியிருந்தால் அதுவும் வெளியே வந்துவிடும்.

இனி டீலரின் 'உள்ளது உள்ளபடி'. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16-இன்படி, வாங்குபவர் பொருளைப் பரிசோதித்து வாங்கியிருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பாளியல்ல. சிலிண்டருக்குள் விழுந்த கோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் தெரிகிற குறை இல்லை. அது உங்களுக்குச் சாதகம். ஆனால் பிரிவு 62-இன்படி, எழுதாமலேயே சட்டம் சேர்க்கும் இத்தகைய மறைமுக நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் எழுதி விலக்கிக்கொள்ளலாம். நீங்கள் போட்ட கையெழுத்து டீலருக்கு அங்கேதான் பயன்படும். அதனால் உங்கள் வழக்கை அவர் விற்கும்போது சொன்ன வார்த்தைகள் மேல் கட்டுங்கள். விளம்பரத்தில் 'முழு சர்வீஸ் ரெக்கார்டு', 'என்ஜின் பக்கா கண்டிஷன்' என்று ஏதாவது போட்டிருந்தாரா? அது பொய் என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பொய்யை 'உள்ளது உள்ளபடி' காப்பாற்றாது. விளம்பரம் நீக்கப்படுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை போனிலேயே அழியாமல் வையுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-இல் கேட்கும் சான்றிதழோடு அவற்றைத் தாக்கல் செய்ய வேண்டும்.

"நான் வெறும் இடைத்தரகர், விற்றது பழைய ஓனர்" என்று அவர் நழுவப் பார்க்கலாம். பில்லை யார் பெயரில் கொடுத்தார், பணம் யார் கணக்குக்குப் போனது என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழைய வாகன டீலர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அப்படிப்பட்ட டீலரிடம் வண்டியை ஒப்படைத்த தகவலை ஓனர் முறைப்படி பதிவு செய்துவிட்டால், டீலரே ஓனராகக் கருதப்படுவார். இவரிடம் அந்தச் சான்று இருக்கிறதா என்று நோட்டீஸிலேயே கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை: அந்த 9 லட்சம் ரொக்கம். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்குத்தான். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். கணக்கில் காட்டிய பணமென்றால் துணிந்து 31 லட்சம் என்று எழுதுங்கள். இல்லையென்றால், நுகர்வோர் ஆணையத்தைப் பொறுத்தவரை இது 22 லட்சம் ரூபாய் கார், அவ்வளவுதான்.

கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றது பெங்களூரில் என்றாலும் நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் தந்த வசதி அது. காலக்கெடு இரண்டு ஆண்டு. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பில் ஃபவுண்டரி பெயரில் இருந்தால், வணிக நோக்கில் வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று ஆட்சேபம் வரும்.

எவ்வளவு கிடைக்கும்? முழு விலை திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. புது கார் வழக்குகளிலேயே நீதிமன்றங்கள் கையை இறுக்கித்தான் வைத்திருக்கின்றன. 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில், வாரண்டி பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் என்றால் முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். தயாரித்த கம்பெனி பக்கமும் போக வழியில்லை. அமெரிக்காவில் ஜெர்மன் கம்பெனியான போர்ஷேயின் 2001–2005 காலத்து பாக்ஸ்டர், 911 கார்களின் ஐ.எம்.எஸ். பேரிங் (என்ஜினுக்குள் உள்ள இடைத்தண்டின் பேரிங்) குறித்த கூட்டு வழக்கு 2013-இல் சமரசமானது. அங்கேகூட 10 ஆண்டு, 1,30,000 மைல் என்று வரம்பு போட்டார்கள். உங்கள் 2009 மாடலின் வயது உங்களுக்கு எதிராகத்தான் எடை போடப்படும். பழுது பழையதுதான் என்று நிபுணர் அறிக்கை சொன்னால், நியாயமான ரிப்பேர் செலவில் பெரும்பகுதியும் சிறிது இழப்பீடும் எதிர்பார்க்கலாம் என்பது என் கணிப்பு. 22 லட்சம் பில் போட்ட காருக்கு 27 லட்சம் ரூபாய் என்ஜின் வாங்கித் தரச் சொல்லி எந்த ஆணையமும் உத்தரவு போடாது. இழப்பைக் குறைக்க நியாயமாக என்ன செய்தீர்கள் என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73 உங்களிடமும் கேட்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அறிக்கை கைக்கு வந்த பிறகு, சொந்த பிளாக்கிலேயே (சிலிண்டர்கள் அமைந்த என்ஜின் உடற்பகுதியிலேயே) ரிப்பேர். பிளாக் மாறாத வரை என்ஜின் நம்பர் மாறாது, ஆர்.சி.யிலும் இன்சூரன்சிலும் கை வைக்க வேண்டியதில்லை. வேறு என்ஜின் வைத்தால் நம்பர் மாறும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்யாமல் ஓட்டினால் நாளைக்கு கிளெய்ம் வரும்போதும் விற்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள். கடனில் வாங்கியிருந்தால் ஃபைனான்ஸ்காரரையும் கேட்க வேண்டும். பிளாக் தேறாது என்று நிபுணரே எழுதினால் மட்டும் கம்பெனி என்ஜினை யோசியுங்கள். கூடுதல் தொகை உங்கள் ஆசைக்கான செலவு என்ற தெளிவோடு.

டெல்லி என்ஜினைத் தொடாதீர்கள். கன்டெய்னரில் வந்தது என்பார்கள். சுங்கத் துறையின் இறக்குமதி ஆவணத்தில் அந்த என்ஜின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். திருட்டு வண்டியில் கழற்றியதாக இருந்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுப் பொருள் பற்றிய பிரிவு 317-இல் விசாரணைக்கு அலைய வேண்டியது நீங்கள். போதாக்குறைக்கு, அதன் சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஒர்க்‌ஷாப்போடு எழுத்தில் எஸ்டிமேட், லைனர் வேலைக்கு எத்தனை மாத கேரண்டி, கழற்றிய பாகங்களை உங்களிடமே தர வேண்டும் என்ற நிபந்தனை, மூன்றையும் வாங்குங்கள். பழைய பிஸ்டன்களைப் புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளுக்குப் போட்டுவிடப் போகிறார்கள்! கூலி பாக்கியென்றால் வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவின்படி அவருக்கு உண்டு. பணத்துக்கு ஏற்பாடு செய்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. விபத்தில்லாத இயந்திரக் கோளாறு வழக்கமான பாலிசியில் விலக்கப்பட்டதுதான். 'என்ஜின் ப்ரொடெக்ட்' கூடுதலாக எடுத்திருந்தால் அதன் வாசகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் புகுந்ததற்கும் ஆயில் கசிவுக்கும்தான் அது பேசும்.

ஒன்றரை லட்சத்தை வாங்கிக்கொண்டு 'கணக்கு முடிந்தது' என்று எழுதிக் கொடுத்தால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. பேரம் பேச விரும்பினால் நிபுணர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். என் அனுபவத்தில் அப்போது டீலர்கள் தாங்களாகவே தொகையை உயர்த்துகிறார்கள். ரிப்பேர் செலவில் பாதிக்கு மேல் வந்தால், வழக்கில்லாமல் முடித்துக்கொள்ளவே நான் சொல்வேன்.