டிரெஸ்ஸிங்கில் எண்ணெய் மிதக்கிறதா, மறுநாள் கசக்கிறதா?

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறோம். இரவில் சாதத்தைக் குறைத்துக்கொண்டு பச்சைக் காய்கறி சாப்பிடச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். வெறும் காயை அவர் தொடுவதே இல்லை. கடையில் வாங்கிய தேன்-எலுமிச்சை டிரெஸ்ஸிங் ஊற்றினால் மட்டும் தட்டு காலியாகிறது. ஆனால் சின்ன பாட்டிலுக்கே விலை அதிகம், இனிப்பும் தூக்கலாக இருக்கிறது. வீட்டில் எலுமிச்சைச் சாறு, தேன், எண்ணெய் மூன்றையும் கலந்து பார்த்தேன். எண்ணெய் தனியே மிதக்கிறது. மீதியை எடுத்து வைத்தால் மறுநாள் கசக்கிறது. தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஆலிவ் எண்ணெய் வாங்காமல், நம் வீட்டுப் பொருட்களை வைத்தே செய்ய முடியுமா? ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா? மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவருக்கும் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். நல்ல டிரெஸ்ஸிங்குக்கு வேண்டிய எல்லாமே உங்கள் அஞ்சறைப் பெட்டியிலும் எண்ணெய்த் தூக்கிலும் இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் காரணம் வேறு வேறு. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் பட்டியலில் உப்பு இல்லை.

வீட்டில் செய்யும் டிரெஸ்ஸிங் சப்பென்று இருந்தால் பெரும்பாலும் குறைவது உப்புதான். அது தெரியாமல் இன்னும் ஒரு ஸ்பூன் தேன் விடுகிறோம், அது திகட்டுகிறது என்று இன்னும் அரை மூடி எலுமிச்சை பிழிகிறோம். உப்பு கசப்பை அடக்கும், இருக்கிற இனிப்பை எடுத்துக் காட்டும். சித்திரைத் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தலில் ஊற்றும் பானகத்தை நினைத்துப் பாருங்கள். வெல்லமும் எலுமிச்சையும் இருந்தாலும் அந்தச் சிட்டிகை உப்பு விழுந்த பிறகுதான் அது பானகமாகிறது. டிரெஸ்ஸிங்கும் அதே கணக்குதான், கூட எண்ணெய் சேர்கிறது.

இப்போது எண்ணெய் மிதக்கும் விஷயம். எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது, சாறு என்பது பெரும்பாலும் தண்ணீர். இரண்டையும் பிடித்து நிறுத்த நடுவில் ஒரு பொருள் வேண்டும். அதற்கு நம் சமையலறையில் கடுகை மிஞ்ச ஆள் இல்லை. கடுகின் தோலில் இருக்கும் கொழகொழப்பும் அதன் புரதமும் எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்துகொண்டு, அவை மறுபடி ஒன்று சேராமல் பார்த்துக்கொள்ளும். தேனும் அதன் கெட்டித்தன்மையால் கொஞ்சம் உதவும். ஆனால் தேன் மட்டும் போதாது.

கடுகைச் சேர்ப்பதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. அரை டீஸ்பூன் கடுகை வறுக்காமல் பொடித்து, ஒரு டீஸ்பூன் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கடுகின் காரம் தண்ணீர் பட்ட பிறகுதான் உருவாகும். எடுத்த எடுப்பிலேயே புளிப்பில் போட்டால் அந்தக் காரம் சரியாக எழும்பாது, கசப்புதான் முன்னால் நிற்கும். சூடான தண்ணீரும் ஆகாது.

சரி, நான்கு பேருக்கு அளவு இது: எலுமிச்சைச் சாறு 3 டேபிள்ஸ்பூன் (நடுத்தரப் பழம் இரண்டு), உப்பு அரை டீஸ்பூன், தேன் ஒன்றரை டேபிள்ஸ்பூன், ஊறிய கடுகு விழுது, மிளகுத்தூள் கால் டீஸ்பூன், எண்ணெய் 4 டேபிள்ஸ்பூன். மேல்நாட்டுச் சமையலில் ஒரு பங்கு புளிப்புக்கு மூன்று பங்கு எண்ணெய் என்பது வழக்கம். இனிப்பு சேரும்போது அவ்வளவு எண்ணெய் தேவையில்லை. புளிப்பின் கூர்மையை இனிப்பே பாதி மழுக்கிவிடும்.

அளவைவிட வரிசை முக்கியம். உப்பு எண்ணெயில் கரையாது. சர்க்கரையும் தேனும் அப்படியே. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால் உப்பு அடியில் நறநறவென்று தங்கிவிடும். முதலில் கண்ணாடிக் கிண்ணத்தில் சாறும் உப்பும் போட்டு, ஸ்பூனுக்கு அடியில் உப்பு உரசும் சத்தம் நிற்கும் வரை கலக்குங்கள். அப்புறம் தேன், கடுகு, மிளகு. கடைசியில்தான் எண்ணெய். அதையும் நூல் போல மெல்லிசாக விட்டுக்கொண்டே முள்கரண்டியால் வேகமாக அடிக்க வேண்டும். மஞ்சளாக, தெளிவாக இருந்த சாறு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, மோர்க்குழம்பு நிறத்துக்கு வரும். ஸ்பூனின் முதுகில் ஒட்டியதை விரலால் கோடு இழுத்தால், கோடு உடனே மூடிக்கொள்ளாது. அந்தப் பதம் வந்தால் சரி.

அடிக்கப் பொறுமை இல்லையென்றால் மூடி போட்ட பாட்டிலில் ஊற்றி அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், முட்ட நிரப்பினால் குலுங்காது. இவ்வளவு செய்தும் கொஞ்ச நேரம் கழித்து எண்ணெய் மேலே வரத்தான் செய்யும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. மறுபடி குலுக்கினால் சேர்ந்துவிடும். கடை பாட்டில்கள் பல நாள் கணக்கில் பிரியாமல் நிற்பதற்குக் காரணம், பெரும்பாலும் அவற்றில் சேர்க்கும் சாந்தன் கம் என்ற பிசின். லேபிளில் 415 என்று எண் மட்டும்கூடப் போட்டிருப்பார்கள். அது தீங்கானது என்று சொல்லவில்லை. அன்றன்றைக்குக் குலுக்கிச் சாப்பிடும் வீட்டுக்கு அது அவசியமில்லை, அவ்வளவுதான்.

ருசி பார்ப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பூனில் எடுத்து நக்கிப் பார்க்காதீர்கள். ஒரு வெள்ளரித் துண்டை அதில் தோய்த்துக் கடித்துப் பாருங்கள். வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். தனியாக நக்கும்போது சரியாகத் தோன்றும் டிரெஸ்ஸிங் காயில் விழுந்ததும் செத்துப்போகும். தனியாக ருசிக்கும்போது 'கொஞ்சம் ஓங்கலாக இருக்கிறதே' என்று தோன்றுவதுதான் சரியான பதம். காயோடு சாப்பிட்டும் சப்பென்றால் உப்பு. சுள்ளென்று இழுத்தால் அரை டீஸ்பூன் தேன். எண்ணெய் நாக்கில் படிந்தால் சில துளிப் புளிப்பு. எல்லாமே தூக்கலாக இருந்தால் ஒரு டீஸ்பூன் தண்ணீர் விடுங்கள். பலருக்கும் தண்ணீர் விடலாம் என்பதே தோன்றுவதில்லை.

எண்ணெய்க்கு வருவோம். ஆலிவ் எண்ணெய் இல்லையே என்று நீங்கள் குறைப்படவே வேண்டாம். எலுமிச்சை-தேன் கலவைக்கு என் தேர்வு செக்குக் கடலை எண்ணெய். வாசனை இருக்கும், ஆனால் எலுமிச்சையை அமுக்காது. நல்லெண்ணெயின் மணம் பலமானது. எலுமிச்சையோடு அது மல்லுக்கட்டும், புளியோடும் கருப்பட்டியோடும் போய்ச் சேர்ந்தால் அற்புதமாக இருக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் இதற்கு ஒத்துவராது. 24, 25 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும் என்பதால், ஃபிரிட்ஜில் வைத்த காயில் பட்டதும் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து நிற்கும். எந்த எண்ணெயானாலும் பச்சையாகச் சாப்பிடப் போகிறோம், சிக்கு வாடை துளி இருந்தாலும் மறைக்க முடியாது. பொரித்து எடுத்த எண்ணெயை இதற்குத் தொடவே கூடாது.

மறுநாள் வரும் கசப்புக்குக் காரணம் எலுமிச்சைதான். கொட்டையிலும் உள்பக்கத்து வெள்ளைத் தோலிலும் இருக்கும் ஒரு பொருள், பிழிந்த உடனே கசக்காது. சாறு நிற்க நிற்க, அந்தப் புளிப்பிலேயே அது லிமோனின் என்ற கசப்பாக மாறும். அதனால் பழத்தை அளவுக்கு மீறி நசுக்காதீர்கள். தோலைத் திருகித் திருகிக் கடைசிச் சொட்டு வரை எடுக்கும் ஆசை வேண்டாம். கொட்டை நசுங்காமல் வடிகட்டுங்கள். எப்படிப் பிழிந்தாலும் எலுமிச்சை டிரெஸ்ஸிங் அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் அருமை. ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் மணம் போய்விடும்.

ஒரு வாரத்துக்கு வேண்டுமென்றால் புளிக்கு மாறுங்கள். உண்மையைச் சொன்னால், மதுரையில் இருந்துகொண்டு புளிப்பும் இனிப்புமாக ஒன்று செய்வதற்கு நான் முதலில் கைநீட்டுவது புளிக்கும் கருப்பட்டிக்கும்தான். நெல்லிக்காய் அளவு இரண்டு உருண்டைப் புளியைக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். நத்தம் பக்கத்திலிருந்து வரும் புதுப்புளி கிடைத்தால் நல்லது. புதுப்புளியின் புளிப்பு துடியாக இருக்கும், நிறமும் செம்பழுப்பாக வரும். பழைய கறுத்த புளி குழம்புக்கு இருக்கட்டும். அந்தக் கரைசலில் பொடித்த கருப்பட்டி இரண்டு டேபிள்ஸ்பூன், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சுக்குத்தூள் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கருப்பட்டியில் மண் இருக்கும், ஆகவே இன்னொரு முறை வடிகட்டுங்கள். நன்றாக ஆறிய பிறகு கடுகு விழுது சேர்த்து, மூன்று டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு அடித்தால் பளபளவென்று கெட்டியாக வரும். கொதிக்கவைத்ததால் இது ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். பாட்டில் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் நல்லது. பித்தளை, அலுமினியப் பாத்திரத்தைப் புளிப்பு அரித்துவிடும்.

கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையிலும் ஒன்று செய்யலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம், ஆண்டு முழுக்க அறுவடை நடப்பதால் மதுரையில் எப்போதும் கிடைக்கும். புளிப்பும் இனிப்பும் அதிலேயே இருப்பதால் தேனின் தேவை பாதியாகிவிடும். கால் கிலோ பழத்தைத் தண்ணீர் விடாமல் மூடி வேகவைத்து, கையால் பிசைந்து வடிகட்டி, சாறு பாதியாகச் சுண்டும் வரை கொதிக்கவிட வேண்டும். மிக்ஸியில் போடாதீர்கள். கொட்டை அரைபட்டால் துவர்த்துவிடும். இந்தச் சாற்றோடு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரும் உப்பும் கடுகும் கடலை எண்ணெயும் சேர்ந்தால் கருஞ்சிவப்பாக ஒரு டிரெஸ்ஸிங் கிடைக்கும். துருவிய கேரட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும் நன்றாக இருக்கும்.

வினிகர் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். அசெட்டிக் அமிலத்தை நீர்த்துச் செய்ததை 'சிந்தெடிக்' என்று போட வேண்டும் என்பது விதி. அது ஊறுகாய்க்குப் போதும். பச்சையாகச் சாப்பிடும் டிரெஸ்ஸிங்குக்கு, பழத்திலிருந்தோ தானியத்திலிருந்தோ புளிக்கவைத்ததை வாங்குவது மேல்.

பூண்டு பிடிக்குமென்றால் கொடைக்கானல் மலைப்பூண்டில் ஒரு சின்னப் பல்லைத் துருவி, அன்றைக்குச் சாப்பிடும் அளவில் மட்டும் சேருங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள், நம் ஊர் வெக்கையில், போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமிருக்கிறது. நிறமும் மணமும் மாறாமலேயே அது நடக்கலாம்.

தட்டில் தேங்கும் தண்ணீர் டிரெஸ்ஸிங்கின் குற்றம் இல்லை. உப்பும் இனிப்பும் பட்டதும் காய் தன்னிடமுள்ள தண்ணீரை வெளியே விடும். முற்றிய வெள்ளரியாக இருந்தால் விதைப்பகுதியை ஸ்பூனால் வழித்துவிட்டு நறுக்கி, கால் டீஸ்பூன் உப்புப் பிசறி வடிதட்டில் கால் மணி நேரம் வையுங்கள். இறங்கும் தண்ணீரைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். லேசாகப் பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள், அப்படிச் செய்த நாளில் டிரெஸ்ஸிங்கில் உப்பைப் பாதியாக்குங்கள். முட்டைக்கோஸுக்கும் இதே வழிதான். பிஞ்சு வெள்ளரிக்கு இந்த வேலை வேண்டாம். தக்காளியைக் கடைசியில் சேருங்கள். இலை வகைகளைக் கழுவினால் பழைய வேட்டித் துணியில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள், ஈர இலையில் எண்ணெய் ஒட்டாமல் வழுக்கி அடிக்கு ஓடிவிடும். அப்புறம், சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் ஊற்ற வேண்டும். இரண்டு கப் காய்க்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் போதும், கையால் பிசறினால் எல்லாத் துண்டிலும் படும். கடலை, பயறு மாதிரி வேகவைத்தவற்றுக்கு மட்டும் நேர்மாறு. சுண்டல் சூடாக இருக்கும்போதே புளி டிரெஸ்ஸிங்கை ஊற்றி வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மாமனார் விஷயம். கருப்பட்டி, தேன், நாட்டுச்சர்க்கரை எதுவானாலும் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும். 'கருப்பட்டிதானே' என்று தாராளமாக விட்டுவிடாதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் தேனில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. மேலே சொன்ன எலுமிச்சை டிரெஸ்ஸிங் முழுவதையும் நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஆறு கிராமுக்குக் கொஞ்சம் மேல் வரும். அதையும் குறைக்க வழி உண்டு. இனிப்பை மட்டும் குறைத்தால் புளிப்பு தாங்காது, இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், கமலா ஆரஞ்சுச் சாறு இரண்டு டேபிள்ஸ்பூன், தேன் கிடையாது. உப்பு, கடுகு, மிளகு, எண்ணெய் எல்லாம் பழைய அளவுதான். நன்கு பழுத்த தக்காளி நாலு துண்டு கூடச் சேர்ந்தால் இனிப்பு குறைந்ததே தெரியாது. இரத்த அழுத்தமும் இருந்தால் உப்பைக் கால் டீஸ்பூனாக்கி மிளகைக் கூட்டுங்கள். அவர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், இரவுச் சாதத்தைக் குறைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிரெஸ்ஸிங்கைவிட அந்த மாற்றம்தான் அவர் சர்க்கரை அளவை அதிகம் அசைக்கும். வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் தேன் கலந்த எதையும் அதன் வாயில் வைக்காதீர்கள்.