'ஜூனியர்' என்றால் சின்னப் பசங்க இல்லை, தம்பி

ஸ்காட்லாந்தில் கில்மார்னக் பக்கம் வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி வார்டில் கூட வேலை பார்க்கும் போர்ட்டர் ஒருவர் "சனிக்கிழமை ஜூனியர் ஃபுட்பால் பார்க்க வா" என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். சின்னப் பசங்க ஆட்டத்தை நான் ஏன் போய்ப் பார்க்க வேண்டும், எட்டு வயது மகனை அழைத்துப் போகலாமா, நம்மை மாதிரி ஆளுக்கு அங்கே தொந்தரவு வருமா என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில், நவம்பரிலிருந்து வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பேர். நானும் ஏமாந்தவன்தான். 2017 ஆகஸ்டில் எங்கள் லேபில் ஒருவர் கூப்பிட்டபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவார்கள் என்று நினைத்து சாக்லேட் பாக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். மைதானத்தில் பார்த்தால் தாடியும் டாட்டூவுமாக ஆறடி ஆட்கள். நடுப் பின்கள ஆட்டக்காரருக்கு முப்பத்தைந்து வயது, பிளம்பர். கையில் இருந்த சாக்லேட்டை இடைவேளைக்குள் பக்கத்தில் நின்ற கிழவர்கள் தீர்த்துவிட்டார்கள்.

ஸ்காட்லாந்தில் ஜூனியர் என்பது வயதுக் கணக்கு இல்லை, அது ஒரு தரம். சீனியர் கிளப்புகளுக்கு ஓர் அமைப்பு, இவர்களுக்குத் தனி அமைப்பு. ஜூனியர் சங்கம் 1886இல் தொடங்கியது, ஜூனியர் கோப்பைக்கும் அதே வயது. 1951இல் பீட்டர்ஸ்ஹில், இர்வின் மெடோ என்ற இரண்டு கிளப்புகள் மோதிய இறுதி ஆட்டத்துக்கு கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் 77,000 பேருக்கு மேல் கூடினார்கள். 2020இல் மேற்குப் பகுதி கிளப்புகள் கூட்டமாக ஜூனியர் லீகை விட்டு, படிப்படியாக மேலே ஏற வழியுள்ள வெஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து லீகுக்குப் போய்விட்டன. ஆக, காகிதத்தில் உங்கள் பகுதி லீக் இப்போது ஜூனியர் இல்லை. ஆனால் ஜூனியர் கோப்பை இன்னும் நடக்கிறது, அபர்டீன் பக்கம் வடக்குப் பகுதி லீக் அதே பேரோடு ஓடுகிறது, உங்கள் போர்ட்டரும் சாகிற வரைக்கும் 'ஜூனியர்ஸ்' என்றுதான் சொல்வார். திருத்தப் போகாதீர்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டால், நான் நெய்வேலிக்காரன், எனக்கு அது உடனே பிடிபட்டது. ஆக்கின்லெக்குக்கு வெளியே வயல் நடுவில் 'ஏ' எழுத்து வடிவில் ஓர் இரும்புச் சட்டம் நிற்கும், பார்த்திருப்பீர்கள். பேரனி நிலக்கரிச் சுரங்கத்தில் மிச்சம் இருப்பது அதுதான். சுரங்கத்தை 1989இல் மூடிவிட்டார்கள். வேலை போயிற்று, கடைகள் போயின, கிளப் மட்டும் போகவில்லை. அந்தச் சின்ன ஊரின் கிளப்பான ஆக்கின்லெக் டால்பட் ஜூனியர் கோப்பையைப் பத்து முறைக்கு மேல் தூக்கியிருக்கிறது, வேறு யாரும் அதன் கிட்டே இல்லை. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கம்னக் அவர்களுடைய பரம எதிரி. டால்பட் என்று சொல்லும்போது எந்த ஊரில் நிற்கிறோம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் போன கிளப் எது என்று சொல்லப்போவதில்லை. கோப்பை எதுவும் ஜெயிக்காத கிளப், அது போதும். அந்த முதல் சீசனைப் பற்றிச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சுகம். இரண்டு மணிக்கு ஆட்டம், வாசலில் ஒரு பெரியவர் டப்பாவை வைத்துக்கொண்டு ஐந்தோ ஆறோ பவுண்டு வாங்குவார், உள்ளே ஃபிஃப்டி-ஃபிஃப்டி சீட்டு விற்பார்கள். விற்ற பணத்தில் பாதி சீட்டு விழுந்தவருக்கு, பாதி கிளப்புக்கு. அப்படியே நின்று வேடிக்கை பார்த்தேன், நாலு பேர் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. உண்மையைச் சொன்னால் ஒருவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, இரவெல்லாம் மழை. ஆட்டம் நடக்குமா என்று தெரியாமல் ஒன்பதரை மணிக்கே போய்விட்டேன், வீட்டில் வேறு வேலை இல்லை. மைதானத்தில் கமிட்டி ஆட்கள் ஏழெட்டுப் பேர், எல்லாருக்கும் அறுபதுக்கு மேல், கையில் நாலு பல் உள்ள தோட்டத்து ஃபோர்க். கோல் கம்பத்துக்கு முன்னால் தேங்கின தண்ணீர் கீழே இறங்க, அதைத் தரையில் குத்தி லேசாக ஆட்டி எடுக்கிறார்கள். குத்து, ஆட்டு, எடு, ஓரடி பின்னால் போ. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்த ஒருவர், முன்னாள் சுரங்கத் தொழிலாளி, ஒன்றும் பேசாமல் இன்னொரு ஃபோர்க்கை நீட்டினார். ஒன்றரை மணி நேரம் குத்தினோம். பதினொன்றரைக்கு ரெஃப்ரி வந்தார், பந்தை ஒரு தடவை கீழே போட்டார். அது 'சொத்' என்று விழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆட்டம் ரத்து. யாரும் கோபப்படவில்லை. உள்ளே டீ போட்டார்கள். அன்றைக்குத்தான் எல்லாருடைய பேரும் எனக்குத் தெரிந்தது, எனக்கும் 'வீ மேன்', அதாவது சின்ன ஆள், என்று ஒரு பேர் கிடைத்தது. என் உயரத்துக்குப் பொருத்தமான பேர், வேறென்ன.

அதனால் நான் சொல்வது, வெயில் நாளில் ஆட்டம் பார்க்கப் போவதைவிட, ஆட்டம் நடக்குமா நடக்காதா என்று ஊரே முழிக்கிற நாளில் காலையிலேயே போங்கள். பார்வையாளரைக் கண்டுகொள்ள மாட்டார்கள். நனைகிறவனை விட மாட்டார்கள்.

அந்த வருஷம் நனைவதற்குப் பஞ்சமே இல்லை. 2018 பிப்ரவரி கடைசியில் 'பீஸ்ட் ஃப்ரம் தி ஈஸ்ட்' பனி வந்து ஸ்காட்லாந்தின் நடுப்பகுதிக்குச் சிவப்பு எச்சரிக்கையே விட்டார்கள். அப்போது பெரும்பாலான ஜூனியர் மைதானங்களில் விளக்குக் கம்பம் கிடையாது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அதனால் வார நாட்களில் ஆடவே முடியாது. தள்ளிப்போன ஆட்டங்கள் எல்லாம் சாயங்காலம் வெளிச்சம் நீளும் ஏப்ரலுக்காகக் காத்திருக்கும். அப்புறம் பாருங்கள் கூத்தை: சனி, திங்கள், புதன், மறுபடி சனி. பகல் முழுக்கக் கூரை வேலை பார்த்த பையன் ஆறே முக்காலுக்கு ஷார்ட்ஸோடு காரிலிருந்து இறங்குவான். கோல்கீப்பர் இரவு ஷிஃப்டுக்குப் போக வேண்டும் என்று ரெஃப்ரியிடம் மணி கேட்டுக்கொண்டே நிற்பார். மே மாதத்தில் எங்களிடம் ஆள் தீர்ந்துபோய், உதவிப் பயிற்சியாளர், நாற்பத்தொரு வயது, மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் உட்கார்ந்தார். அணிப் பட்டியலில் 'ஏ. ட்ரயலிஸ்ட்' என்று ஒரு பேர் வரும். ஒரே ஆள் எப்படி இத்தனை கிளப்புக்கு ஆடுகிறார் என்று ரொம்ப நாள் வியந்தேன். ஆளைச் சோதித்துப் பார்க்கும்போது பேரை வெளியே சொல்லாமல் அப்படி எழுதுவார்களாம்.

லீகில் எங்கள் கிளப் கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தது. ஜூனியர் கோப்பை இறுதி ஆட்டம் அந்த வருஷம் கில்மார்னக் ரக்பி பார்க்கில்தான் நடந்தது, டால்பட் ஹர்ல்ஃபோர்ட் கிளப்பை வென்றது. உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம், அந்த மைதானத்துக்கு.

தொந்தரவு விஷயம். மறைக்காமல் சொல்கிறேன். எட்டு வருஷத்தில் ஒரு முறை, வெளியூர் ஆட்டத்தில், குடித்திருந்த ஒருவன் என் நிறத்தைச் சொல்லிக் கத்தினான். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஃபோர்க் கிழவர் திரும்பி ஏதோ சொன்னார். இந்த ஏர்ஷயர் பகுதிப் பேச்சு, எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, அவனுக்கு நன்றாகப் புரிந்தது. அந்த ஊர் கமிட்டிக்காரர்களே அவனை வெளியே அனுப்பினார்கள். மனசு கசந்தது, இரண்டு வாரம் போகவில்லை. அப்புறம் போனேன். இதை வைத்து நீங்களே முடிவு பண்ணுங்கள். கெட்ட வார்த்தை என்றால் அது தினசரி, பாதிக்கு மேல் ரெஃப்ரிக்கு. மகன் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வருவான், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பச்சைத் துண்டோ நீலத் துண்டோ கழுத்தில் போடாதீர்கள். கிளாஸ்கோவின் இரண்டு பெரிய கிளப்புகளில் செல்டிக் பச்சை, ரேஞ்சர்ஸ் நீலம். செல்டிக்கா ரேஞ்சர்ஸா என்று இங்கே சீக்கிரம் கேட்பார்கள், அந்தக் கேள்விக்குள் கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்ற மதமும் இருக்கிறது. ஊர் கிளப் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. போவ்ரில் என்று சூடாகக் கறுப்பாக ஒன்று தருவார்கள். ரசம் மாதிரி மிளகு தூவிக் குடிப்பார்கள். அது மாட்டு இறைச்சிச் சாறு. நான் மூன்று வாரம் குடித்த பிறகுதான் டப்பாவைப் படித்தேன், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. 'பை' (pie) என்று மாவுக்குள் வைத்துச் சுட்ட பண்டம் ஒன்றும் கிடைக்கும். அதற்குள் வழக்கமாக ஆட்டுக்கறி இருக்கும், ஆனால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டில் சைவம் என்றால் மக்ரோனி பை இருக்கிறதா என்று கேளுங்கள். பைக்குள் மக்ரோனியா என்று சிரிப்பீர்கள், குளிரில் இரண்டாவதும் வாங்குவீர்கள்.

முடிந்தால் மகனை ஒரு நாள் உங்கள் பக்கத்துச் சின்ன ஊர் டார்வலுக்கும் அழைத்துப் போங்கள். 2023 ஜனவரியில் லீக் அடுக்கில் மேலிருந்து ஆறாம் படியில் ஆடிக்கொண்டிருந்த டார்வல் கிளப், ஸ்காட்டிஷ் கோப்பையில் அபர்டீனை 1-0 என்று தோற்கடித்தது. 1983இல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்ற அபர்டீனை! பெனிசிலின் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் பிறந்த பண்ணையும் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். லேபில் வேலை பார்க்கும் எனக்கு எது பெரிசு என்று கேட்டால் ஃபிளெமிங் என்றுதான் சொல்ல வேண்டும். டார்வலில் போய்க் கேட்டால் வேறு பதில் வரலாம்.

சரி, போர்ட்டரிடம் நாளைக்கே 'வருகிறேன்' என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர் புகாத பூட்ஸ் போடுங்கள், ஷூ வேண்டாம். மகனுக்குக் கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கண்டிப்பாக நனையும்.