விசா தேதி வேறு, தங்கும் தேதி வேறு

கேள்வி: மகள் அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாணவர்கள் இனி நான்கு ஆண்டுக்கு மேல் தங்க முடியாது என்கிறார்களே, பாதியில் திரும்ப வேண்டியதுதானா?

பதில்: வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட வரைவு விதிதான் இந்தப் பேச்சுக்குக் காரணம். 1978 முதல் எஃப் விசா மாணவர்களின் ஐ-94 என்ற நுழைவுப் பதிவில், எதுவரை தங்கலாம் என்ற தேதி போடாமல் ‘டி/எஸ்’ என்று குறிக்கும் வழக்கம் வந்தது. விதிப்படி படித்துக்கொண்டிருக்கும்வரை தங்கலாம் என்பது அதன் பொருள். வரைவு அந்த இடத்தில் ஒரு தேதியை வைக்கிறது: பல்கலைக்கழகம் தரும் ஐ-20 சான்றில் உள்ள படிப்பு முடியும் நாள், அதிகபட்சம் நான்கு ஆண்டு. முடித்தபின் கிடைக்கும் 60 நாள் அவகாசத்தை 30 ஆக்குகிறது.

ஏற்கெனவே டி/எஸ்-இல் உள்ளே இருப்பவர்கள், விதி அமலாகும் நாளிலிருந்து நான்கு ஆண்டுக்கு மிகாமல், தங்கள் ஐ-20 முடியும்வரை இருக்கலாம் என்கிறது வரைவு. அமலுக்குப் பிறகு ஊருக்கு வந்து திரும்பினால் ஐ-94-இல் தேதி விழும். 2020-லும் இதுபோல ஒரு வரைவு வந்து, 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே வரைவையே சட்டமாக்கிப் பேசும் வாட்ஸ்அப் தகவலை நம்பாமல், இறுதி விதியின் அமல் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: ஆய்வு முடிய ஆறு ஆண்டு ஆனால்?

பதில்: பழைய முறையில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக அதிகாரியான டிஎஸ்ஓ ஐ-20-ஐ நீட்டித்தால் போதும். வரைவின்படி அது முதல் படிதான். புதிய ஐ-20 வந்ததும், தங்கும் காலத்தை நீட்டிக்கக் கோரும் ஐ-539 படிவத்தைக் குடியேற்ற விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அரசு அமைப்பான யுஎஸ்சிஐஎஸ்-க்குத் தனியாக அனுப்ப வேண்டும். 2024 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணம் ஆன்லைனில் 420 டாலர், தாளில் 470. கைரேகைப் பதிவு, பணவசதிக்கான சான்று எல்லாம் உண்டு.

பலர் சறுக்கப்போவது இங்கேதான். ஐ-20 கையில் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஐ-94 தேதியைக் கோட்டை விடுவார்கள். விண்ணப்பம் அந்தத் தேதிக்கு முன்பே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

காரணமும் வலுவாக இருக்க வேண்டும். எதிர்பாராத ஆய்வுச் சிக்கல், ஆவணத்துடன் கூடிய நோய் ஆகியவை எடுபடும். மதிப்பெண் குறைந்து எச்சரிக்கையிலோ இடைநீக்கத்திலோ போன காலம் எடுபடாது. ‘இன்னும் அவகாசம் தேவை’ என்ற ஒருவரிக் கடிதத்தைவிட, எந்தச் சோதனை ஏன் தடைபட்டது, எத்தனை அத்தியாயம் பாக்கி, எந்த மாதம் முடியும் என்று நெறியாளர் எழுதித் தரும் கடிதம் உதவும்.

கேள்வி: தேதி சில நாள் தாண்டினால் என்ன ஆகும்?

பதில்: டி/எஸ்-இல் இருப்பவர் விதி மீறினாலும், யுஎஸ்சிஐஎஸ் அல்லது குடியேற்ற நீதிபதி அப்படி முடிவு செய்யும்வரை ‘சட்டவிரோதத் தங்கல்’ நாட்கள் பொதுவாகக் கணக்கில் ஏறாது. தேதி போட்ட ஐ-94-இல் காலம் கடந்த மறுநாளே எண்ணிக்கை தொடங்கிவிடும். 180 நாளைத் தாண்டி வெளியேறினால் மூன்று ஆண்டு, ஓராண்டை எட்டினால் பத்து ஆண்டு மறுநுழைவுத் தடை. 18 வயது ஆகாதவருக்கு அந்த நாட்கள் ஏறாது. இந்த மாற்றத்தில் எனக்குக் கவலை தருவது நான்கு ஆண்டு வரம்பு அல்ல, மறுநாளே தொடங்கிவிடும் இந்த எண்ணிக்கைதான்.

கேள்வி: மகனின் பாஸ்போர்ட்டில் விசா காலாவதி ஆகிவிட்டது. உள்ளே இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். விசா முத்திரை நுழைவதற்குத்தான், தங்குவதற்கு ஐ-94. வெளியே போனால், பொதுவாகப் புதிய முத்திரை பெற்றுத்தான் திரும்ப முடியும். ஒவ்வொரு நுழைவுக்குப் பிறகும் எல்லை, சுங்கத் துறையான சிபிபி-யின் இணையதளத்தில் ஐ-94-ஐ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐ-20-இல் டிஎஸ்ஓ கையெழுத்து இல்லாமல் போனால் குறையைச் சரிசெய்யச் சொல்லும் ஐ-515ஏ அறிவிப்பைக் கொடுத்து 30 நாள் மட்டும் அனுமதிப்பதுண்டு.

கேள்வி: ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் இருக்கும் மருத்துவர்களுக்கும் இதேதானா?

பதில்: அதே நான்கு ஆண்டு வரம்பு. ஆனால் பயிற்சி மருத்துவர்களுக்கு, ஐ-20 போன்ற ஜே-1 சான்றான டிஎஸ்-2019 ஆண்டுக்கு ஒருமுறைதான் வழங்கப்படுகிறது. தங்கும் தேதியும் அதையே ஒட்டி வருவதால், வரைவு அப்படியே அமலானால் இவர்கள் ஆண்டுதோறும் நீட்டிப்புக்கு அலைய வேண்டிவரும்.